உள்ளம் நோயுற்றால் எங்கே செல்வது?

லுஹர் தொழுகைக்கான பாங்கு ஒலித்து ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. வீட்டின் கொல்லைப்புறத்தில் குழாய்த் தண்ணீர் இன்னும் நின்றபாடில்லை. அந்த வீட்டின் தாய் ஒளுச் செய்துகொண்டிருக்கிறார். முழங்கையில் ஒரு மயிரிழை அளவு நனையாமல் போயிற்றோ என்று அவருக்கு ஐயம். மீண்டும் கழுவுகிறார். தலைக்கு மஸ்ஹு செய்தோமா இல்லையா என்பது நினைவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். தொழுகை விரிப்பில் நின்ற பின்பும் தக்பீரைச் சரியாகச் சொல்லவில்லையோ என்று, கட்டிய கையை அவிழ்த்து மீண்டும் கட்டுகிறார். அஸர் பாங்கு ஒலிக்கும்போதும் அவருடைய லுஹர் முடிந்திருப்பதில்லை. கைகளின் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது.

தொடக்கத்தில் குடும்பத்தார் பெருமைப்பட்டார்கள். "உம்மாவுக்கு எவ்வளவு பேணுதல்!" என்றார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள். பிறகு அதட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெத்தா, "இது ஷைத்தானுடைய வேலை, ஓதிப் பாருங்கள்" என்றார். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீரும் ஓதிக் கொடுத்தார்கள். சில நாள் நிம்மதி. பிறகு பழைய நிலை. வளைகுடாவில் வேலை செய்யும் கணவர் தொலைபேசியில், "மனத்தைக் கட்டுப்படுத்து" என்றார். கடைசியில் ஒரு நாள் இரவில் அந்தத் தாய் மகளிடம் அழுதார்: "என் தொழுகை ஒன்றுகூட ஏற்கப்படாது போலிருக்கிறது. நான் எதற்காக உயிரோடு இருக்கிறேன்?"

இது ஏதோ ஒரு தனி வீட்டின் கதையன்று. பல வீடுகளில் நிகழ்வதை ஒன்றுசேர்த்துக் கூறுகிறோம். இத்தகைய நிலையில் இப்போது சிலர், மார்க்கமும் அறிந்த, மனநலப் பயிற்சியும் பெற்ற ஆலோசகர் ஒருவரை நாடத் தொடங்கியிருக்கிறார்கள். வேறு பலருக்கோ அந்த வாசலை மிதிக்கவே அச்சம். அங்கே என்ன கேட்பார்கள்? வீட்டு இரகசியம் வெளியே போகுமா? நம்முடைய ஈமானைக் குறை சொல்வார்களா? மாத்திரை கொடுத்து மயக்கிவிடுவார்களா? இந்த ஐயங்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளத்தின் நோய் ஈமானின் குறைவா?

முதலில் தெளிய வேண்டியது இதுதான். மன நோய் வந்தவரைப் பார்த்து, "தவக்குல் இல்லை, சபூர் இல்லை" என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் திருமறை காட்டும் நபிமார்களின் வாழ்வு வேறு விதமாக அல்லவா பேசுகிறது! நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் அருமை மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரால் கண் பூத்துப் போகும் அளவு அழுதார்கள். அதற்காக அவர்களை எவரேனும் ஈமான் குறைந்தவர் என்று சொல்லத் துணிவாரா? நம் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்த ஆண்டு, வரலாற்றில் 'துயர ஆண்டு' என்றே பெயர் பெற்றுவிட்டது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இறைவனிடம் பாதுகாவல் தேடும் துஆவை அண்ணலார் வழக்கமாக ஓதியிருக்கிறார்கள். துக்கம் என்பது மூமினை அண்டாத ஒன்றாக இருந்தால், அதிலிருந்து பாதுகாவல் தேடும் துஆ எதற்கு?

நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புறத்து அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுமாறே பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர, அல்லாஹ் இறக்கிய எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் விடவில்லை என்பது அந்த அறிவுரையின் கருத்து. உடலின் நோய் என்றும் உள்ளத்தின் நோய் என்றும் அதில் பிரிவு இல்லை.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு வட்டாரத்தில் தோன்றி, கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை எழுதினார். உடல் நலம் பற்றி ஒரு பகுதி. உள்ள நலம் பற்றி ஒரு பகுதி. கோபம், அச்சம், துயரம், விடாது பற்றிக்கொள்ளும் வஸ்வாஸ் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எவ்வாறு சிகிச்சை செய்வது என்று விளக்கினார். காரணம் தெரிந்து வரும் துயரம் வேறு, காரணம் தெரியாமல் கவியும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அவசரத்துக்கு வேண்டிய மருந்துகளை வீட்டில் வைத்திருப்பது போல, நலமாக இருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்துவைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முஸ்லிம் அறிஞர் கண்ட தெளிவு இது! திமிஷ்கில் 1154-இல் நூருத்தீன் ஸங்கீயும், கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூனும் நிறுவிய பெரும் மருத்துவமனைகளில் உடல் நோயாளிகளோடு மன நோயாளிகளுக்கும் இடம் இருந்தது.

ஏர்வாடி கற்பித்த பாடம்

இத்தகைய பாரம்பரியத்தின் வாரிசுகளாகிய நாம் எங்கே வழுவினோம்? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மன நோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டார்கள். பல சமயத்தவரும் நம்பிக்கையோடு தேடி வந்த ஊர் அது. உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அவ்வழக்கைக் கையிலெடுத்தது. அங்கிருந்த தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன.

அந்த 28 பேரின் உயிரைப் பறித்தது துஆ அன்று, சங்கிலி. மருத்துவத்தை விலக்கி வைத்த அறியாமை. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருவோர் துஆச் செய்துகொள்ளவும், அருகிலேயே மனநல மருத்துவரைக் கண்டு மருந்து பெறவும் அரசு ஏற்பாடு செய்தது. மருந்தும் துஆவும் ஒன்றையொன்று விரட்டுவன அல்ல என்ற உண்மை, இத்தனை பெரிய விலை கொடுத்த பிறகே நமக்குப் புலனாயிற்று.

யாரிடம் எதற்காகச் செல்வது?

மூன்று வகையினரை நாம் பிரித்தறிய வேண்டும். ஆலிம் பெருமக்கள் மார்க்கச் சட்டத்தைக் கூறுவார்கள், நஸீஹத்துச் செய்வார்கள், ஓதியும் பார்ப்பார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத் துறையில் மேற்படிப்புப் பயின்றவர். நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் பணி. மனநல ஆலோசகரோ உளவியல் பயின்றவர்; மருந்து எழுதமாட்டார்; பேச்சினாலும் பயிற்சியினாலும் உள்ளத்தைச் சீர் செய்ய உதவுவார். மார்க்கம் தழுவிய ஆலோசகர் என்பவர் இந்த மூன்றாம் வகையினரே. அவர் நம் தொழுகையையும் நோன்பையும் உறவு முறைகளையும் அறிந்தவர். அவற்றை நோயின் பகுதியாகக் கருதாமல், நலம் பெறுவதற்குரிய துணையாகக் கொள்பவர். சூடானைச் சேர்ந்த உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ (1932–2021) போன்றோர் இத்துறைக்கு வழியமைத்தார்கள். மேல்நாட்டு உளவியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதையும், அதனை அடியோடு ஒதுக்குவதையும் தவிர்த்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ள வேண்டும் என்று 1970-களிலேயே அவர் வாதிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டவர் எல்லோரும் ஒரே பயிற்சி பெற்றவர் அல்லர். தாடியும் தொப்பியும் பட்டயம் ஆகிவிடா. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், எத்தகைய நோய்களைக் கவனித்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்கலாம். மருத்துவ உளவியலாளர் என்று கூறிக்கொள்பவராயின், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவ்வாறு கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல ஆலோசகர் இதனை மகிழ்வுடன் வரவேற்பார். நம் மார்க்கத்தவர் கிடைக்காவிட்டால், நம் நம்பிக்கையை மதிக்கும் பிற சமயத்துச் சகோதரரிடம் செல்வதிலும் தவறில்லை. பிரசவத்துக்கும் கண் அறுவைக்கும் நாம் அவ்வாறுதானே செல்கிறோம்?

முதல் நாள் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். அன்று கேள்விகளே மிகுதியாக இருக்கும். தொல்லை எப்போது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, பசி எப்படி, முன்னர் ஏதேனும் நோய் இருந்ததா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இவ்வாறு உண்டா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்று வினவுவார். "சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா?" என்றும் நேராகக் கேட்பார். அதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதாகாது. உள்ளே புதைந்துகிடக்கும் பாரத்தை இறக்கிவைக்க வழி திறப்பதாகும். உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மார்க்கம் தழுவிய ஆலோசகர் இன்னும் சில கேட்பார். தொழுகை உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறதா, அச்சமாக இருக்கிறதா? அல்லாஹ்வை எண்ணும்போது அவனுடைய ரஹ்மத்து நினைவுக்கு வருகிறதா, தண்டனை மட்டுமே நினைவுக்கு வருகிறதா? சிகிச்சையில் மார்க்கத்தை எந்த அளவு சேர்த்துக்கொள்ள விரும்புகிறீர்கள்? இவை உங்கள் ஈமானை எடைபோடும் கேள்விகள் அல்ல. உங்களுக்குக் கைகொடுக்கும் தூண் எது, அழுத்தும் பாறை எது என்று அறிந்துகொள்வதற்கான கேள்விகள்.

சிலர் முதல் நாளே நீண்ட நஸீஹத்தை எதிர்பார்த்துச் செல்கிறார்கள்; அது கிடைக்காமல் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி), அபூதர்தா (ரலி) ஆகிய இரு தோழர்களின் வரலாற்றை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து குடும்பத்தை மறந்திருந்தார். அவரைக் காண வந்த ஸல்மான் (ரலி) எடுத்த எடுப்பில் உபதேசம் செய்யவில்லை. முதலில் வீட்டின் நிலையைக் கண்ணால் கண்டார். அவருடைய மனைவியிடம் விவரம் கேட்டார். பிறகு அவரோடு அமர்ந்து உண்டார். அன்றிரவு அங்கேயே தங்கினார். தோழர் தொழ எழுந்தபோது உறங்கச் சொன்னார். இரவின் இறுதிப் பகுதியில் எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இத்தனைக்கும் பிறகே, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளை அவரவர்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எடுத்துரைத்தார். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் கூறியது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள். பார்த்தல், கேட்டல், உடனிருத்தல், பிறகே பேசுதல். நல்ல ஆலோசகரின் வழியும் இதுவே.

அமானிதமும் பர்தாவும்

"சொன்னது ஊருக்குத் தெரிந்தால் குமருக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" என்பது தாய்மாரின் பெருங்கவலை. சபையில் பேசப்படுபவை அமானிதம் என்பது அண்ணலாரின் போதனை. அத்துடன் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையை விதித்திருக்கிறது. ஆயினும் இந்த இரகசியத்துக்குச் சில எல்லைகள் உண்டு. ஒருவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஊறு செய்துவிடுவார் என்ற நிலை ஏற்பட்டால், காப்பாற்றக் கூடியவர்களுக்கு ஆலோசகர் தெரிவிக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரிகளிடம் அறிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை ஆலோசகர் முதல் நாளிலேயே விளக்குவார். விளக்காவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பெண்கள், பெண் ஆலோசகரே வேண்டும் என்று கேட்கலாம். கிடைக்காத இடத்தில், கண்ணாடிக் கதவுள்ள அறையில், வெளியே மஹ்ரமான ஒருவர் அமர்ந்திருக்க, தனித்திருத்தலைத் தவிர்த்துப் பேசலாம். ஆனால் கணவரோ மாமியாரோ அறைக்குள்ளேயே அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பெண் எதைத்தான் மனம் திறந்து சொல்வாள்? குடும்பத்தார் ஒதுங்கியிருக்க வேண்டிய வேளையில் ஒதுங்கியிருப்பதும் ஓர் உதவியே.

இன்னொரு தயக்கம் உண்டு. "கணவரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் சொன்னால் புறம் பேசியதாகாதா?" என்று பேணுதலுள்ள பெண்கள் கேட்கிறார்கள். அநீதியை முறையிடுதல், மார்க்கத் தீர்ப்பு கேட்டல் போன்ற தேவைகளுக்காகப் பிறர் குறையைச் சொல்வது புறம் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஆறு நிலைகளை எடுத்துக்காட்டியுள்ளார்கள். கணவர் அபூசுஃப்யான் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, பெருமானார் அவரைக் கண்டிக்கவில்லை, வழியே கூறினார்கள். தேவையான அளவு சொல்வது போதும். அவ்வாறே, கடந்த காலப் பாவங்களை எல்லாம் பட்டியலிட்டுச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அல்லாஹ் மறைத்த குறையை நாமே விரித்துக்காட்டத் தேவையில்லை. ஆலோசகர் பாவமன்னிப்பு வழங்குபவர் அல்லர். அது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

கொல்லைப்புறத்துக் குழாயடியில் நாம் விட்டுவந்த அந்தத் தாயிடம் திரும்புவோம். அவருக்கு வந்திருப்பது பேணுதல் அன்று, வஸ்வாஸ் என்னும் நோய் என்பதை ஆலோசகர் எடுத்துரைப்பார். மருத்துவர்கள் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். ஐயம் எழுகிறது, அச்சம் பிறக்கிறது, மீண்டும் கழுவினால் சற்றே நிம்மதி, அந்த நிம்மதியே அடுத்த ஐயத்துக்கு உரமாகிறது. எத்தனை முறை கழுவினாலும் ஐயம் அடங்காமல் வளர்வதற்குக் காரணம் இதுவே.

இதற்குரிய பயிற்சி கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஐயம் எழும்போது அதற்குக் கீழ்ப்படியாமல் இருக்கப் பழக வேண்டும். அச்சம் கிளம்பட்டும், உச்சிக்கு ஏறட்டும், கழுவாமல் பொறுத்திருந்தால் அது தானாகத் தணியும். இதனைப் படிப்படியாக, சிறிய ஐயத்திலிருந்து பெரிய ஐயத்துக்குச் சென்று பழக்குவார்கள். தொடக்கத்தில் வேதனை கூடுவது போலத் தோன்றும். பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விடாமல் தொடர வேண்டும். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, மூன்று நான்கு மாதங்கள் இதற்குத் தேவைப்படும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி தரப்படும். ஆலோசகரின் அறையில் பேசுவதைவிட வீட்டில் செய்யும் இப்பயிற்சியே பெரும்பலன் தரும்.

இங்கேதான் மார்க்கம் அறிந்த ஆலோசகரின் அருமை விளங்குகிறது. "கழுவாதீர்கள்" என்று வேறொருவர் சொன்னால், "இவருக்கு நம் மார்க்கம் என்ன தெரியும்?" என்று அந்தத் தாய் ஒதுக்கிவிடக் கூடும். மார்க்கம் அறிந்தவரோ அவருக்கு நினைவூட்டுவார்: ஒளுவில் ஓர் உறுப்பை மூன்று முறைக்கு மேல் கழுவுவது நன்மையன்று, வரம்பு மீறல் என்றே அண்ணலார் (ஸல்) உணர்த்தினார்கள். அவர்கள் ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில் ஒளுவை முடித்துக்கொண்டார்கள். அது இன்றைய அளவில் ஒரு லிட்டருக்கும் குறைவு. காற்றுப் பிரிந்ததோ என்று ஐயம் கொண்டவர், ஓசையோ வாடையோ உறுதியாக அறியாதவரை தொழுகையை விட்டு விலக வேண்டியதில்லை என்றார்கள். உறுதியானதை ஐயம் அழித்துவிடாது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நாவால் சொல்லவும் அஞ்சும் தீய எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாகத் தோழர்கள் முறையிட்டபோது, அவற்றை வெறுத்து அஞ்சும் அந்த உணர்வே தெளிவான ஈமான் என்று பெருமானார் ஆறுதல் கூறினார்கள். தம்மை நரகவாசி என்று எண்ணிக் கலங்கும் ஓர் உள்ளத்துக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் உண்டா?

ஆயினும் நல்ல ஆலோசகர் தாமே ஃபத்வாக் கூறமாட்டார். ஊரின் ஆலிம் ஒருவரை ஒரு முறை கலந்து, குறைந்த அளவு எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்வார். அதன்பின் அந்த ஒரு தீர்ப்பிலேயே நிற்க வேண்டும். நாள்தோறும் ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்து, "என் ஒளுக் கூடியதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பதும், மகளிடம் திரும்பத் திரும்ப உறுதி பெறுவதும் கழுவுதலைப் போன்றே நோயின் பகுதிதான். இரக்கப்பட்டு ஆயிரம் முறை விடை சொல்லும் குடும்பத்தார், அறியாமலே நோய்க்குத் தீனி போடுகிறார்கள்.

நோய் முற்றிய நிலையிலும், உறக்கமும் உணவும் கெட்ட நிலையிலும் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அங்கே தரப்படும் மருந்து ஒரே நாளில் பலன் தராது. வஸ்வாஸ் நோயில் முழுப்பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். சற்று நலம் தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ரமலான் வந்தால், ஸஹர் நேரத்துக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ப மருந்தை மாற்றியமைக்க இயலுமா என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்க வேண்டும். இயலாது என்றால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கவே இருக்கிறது.

எவரிடமிருந்து விலக வேண்டும்?

முதல் பார்வையிலேயே ஜின் என்றும் செய்வினை என்றும் தீர்ப்புச் சொல்பவர். மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்பவர். அடித்தும் கட்டிவைத்தும் ஓட்டுவேன் என்பவர். இத்தனை நாளில் நிச்சயம் குணம் என்று உத்தரவாதம் கொடுத்துப் பெருந்தொகை கேட்பவர். ஒரு குடும்பத்தின் கதையை மறு குடும்பத்திடம் சொல்பவர். கொடுமைப்படுத்தப்படும் மனைவியிடம் சபூர் ஒன்றையே உபதேசித்துத் திருப்பியனுப்புபவர். இவர்கள் எந்தக் கோலத்தில் வந்தாலும் விலகிவிடுங்கள். நல்லவராகவே இருந்தும் ஓர் ஆலோசகர் நமக்குப் பொருந்தாமல் போகலாம். மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லி வேறொருவரை நாடலாம்.

வசதி குறைந்த குடும்பத்தார் மனம் தளர வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் தேசிய உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு எழுந்துவிட்டால், அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் சட்டம், அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதுகிறது. தண்டனைக்கு உரியவராக அன்று. ஆகவே சட்டத்துக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. ஹராமான காரியத்துக்குத் துணிந்தான் என்று அந்நேரத்தில் ஏசுவது மருந்தாகாது. தோளில் வைக்கும் கையே மருந்து.

வீட்டாரின் கடமை

நீரிழிவு வந்தவரைப் பார்த்து நாம் நகைப்பதில்லை. மாரடைப்பு வந்தவரிடம் சபூர் போதாது என்று சொல்வதில்லை. ஆனால் உள்ளம் நோயுற்றவரை மட்டும் ஏன் பைத்தியம் என்று ஒதுக்குகிறோம்? அழைத்துச் செல்ல ஒருவர், வெளியே பொறுமையோடு காத்திருக்க ஒருவர், என்ன பேசினாய் என்று துருவிக் கேளாமல் தேநீர் ஊற்றிக்கொடுக்க ஒருவர். நோயாளிக்கு இவ்வளவு போதும். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அந்தக் கடமை மனநல மருத்துவமனையின் வாசலோடு நின்றுவிடுமா?

அந்தத் தாய் போன்றோர் நலம் பெறுவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஐயம் முற்றிலும் ஒழிந்துவிடும் என்றும் கூற இயலாது. ஆனால் ஒரு நாள் வரும். ஒரு சிறு சொம்பில் தண்ணீர் எடுப்பார். மூன்று முறைக்குள் கழுவி முடிப்பார். "சரியாகக் கழுவினாயா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, ஈரக் கையோடு தொழுகை விரிப்பை நோக்கி நடப்பார். கொல்லைப்புறத்துக் குழாய் மூடியிருக்கும். லுஹரை லுஹருடைய நேரத்திலேயே தொழுது முடிப்பார்.

நோயையும் அதற்குரிய நிவாரணத்தையும் படைத்த வல்ல அல்லாஹ், உள்ளத்தால் நலிவுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களுடைய குடும்பத்தாருக்குப் பொறுமையையும் தெளிவையும் வழங்குவானாக! ஆமீன்.